தென் கரோலினாவின் செனட்டர்

பனியில் நனைந்த கம்பளிக் கோட்டுகளை வகுப்பறை ஹீட்டரின் மேல் உலரப் போட்டால் ஈர ஆட்டு வாடையும் சூடான தூசியும் கலந்து ஒரு நெடி எழுமே, எனக்கு அமெரிக்க வரலாற்றின் வாசனை அதுதான். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் எட்டாம் வகுப்பு படித்த 2001ஆம் ஆண்டின் குளிர்காலக் கடைசியில், அந்த நெடி நிறைந்த அறையை எங்கள் ஆசிரியர் மிஸ்டர் கெல்லர் சில வாரங்களுக்கு அமெரிக்க செனட்டாக மாற்றினார். ஒரு தொப்பிக்குள் மாநிலங்களின் பெயர்களைச் சீட்டெழுதிப் போட்டு எங்களை எடுக்கச் சொன்னார். எனக்கு மாசசூசெட்ஸ் வந்தது. என் தோழி நஸ்ரீனுக்குத் தென் கரோலினா.

நஸ்ரீன் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே எதிர் பிளாக்கில் இருந்தாள். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். அவளுடைய வாப்பா என் அப்பாவைப் போலவே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். நான் மூன்று வயதில் ஈரோட்டிலிருந்து வந்தவளாகையால் அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லியே வளர்ந்திருந்தேன். நஸ்ரீனோ பத்து வயதில் வந்தவள். ஆங்கிலத்தில் பேசினால் காது கேளாதவள் போல நிற்பாள். "தமிழ்ல சொல்லுடி, அப்பத்தான் வெளங்கும்" என்பாள். அவளோடு சண்டை போடுவதற்காகவே நான் தமிழ் பேசக் கற்றுக்கொண்டேன் என்றால் மிகையில்லை. அதனால்தான் "வெள்ளனே", "வெளங்குதா" என்று ஈரோட்டுக்காரர்கள் அதிகம் சொல்லாத சொற்கள் இன்றும் என் வாயில் வருகின்றன.

எங்கள் செனட்டின் முன்னால் இருந்தது 1830களின் சுங்கவரிச் சண்டை. இங்கிலாந்திலிருந்து வரும் துணிக்கு வரி போட்டால்தான் எங்கள் ஆலைகள் பிழைக்கும் என்பது வடக்கே இருந்த என் கட்சி. நாங்கள் பஞ்சு விற்பதே இங்கிலாந்துக்குத்தான், நீங்கள் வரி போட்டால் அவன் எங்களிடம் வாங்குவதைக் குறைப்பான், துணிக்கும் நாங்களே கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்பது தெற்கே இருந்த நஸ்ரீனின் கட்சி. வரியைக் குறைக்காவிட்டால் நாட்டைவிட்டே விலகிவிடுவோம் என்று தென் கரோலினா மிரட்டிய காலம் அது.

சீட்டு எடுத்த அன்றே நஸ்ரீன் கையைத் தூக்கி, அந்தப் பஞ்சைப் பறித்த அடிமைகளுக்காக இந்த அறையில் பேசுவது யார் என்று கேட்டாள். "யாருமில்லை. யாருடைய வாழ்க்கையைப் பற்றி முடிவெடுத்தார்களோ அவர்களுக்கு இங்கே நாற்காலி கிடையாது. அதை மறக்காமல் பேசு" என்றார் மிஸ்டர் கெல்லர்.

மதிய உணவு நேரமெல்லாம் எங்களுக்கு அந்தச் சண்டைதான். என் தயிர்சாதத்தையும் அவளுடைய இடியாப்பத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு மாநிலங்களும் தமிழில் கத்தின.

ஒரு நாள் அவள் சாப்பிடவில்லை.

"வாப்பாவுக்கு வேலை போயிருச்சுடி" என்றாள். "வேற கம்பெனி ஸ்பான்சர் பண்ணலன்னா நாங்க ஊருக்குப் போயிரணும்."

"டெக்ஸாஸ்ல உங்க மாமா இருக்காருல்ல? அங்க போகலாமே?"

"எங்க போனாலும் விசா வேணும்ல. அது வேலையோட போயிரும்."

அன்று மாலை வீட்டில் இதைப் பற்றிக் கேட்டேன். அப்பா ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "எங்க மேனேஜர்கிட்ட அவரோட ரெஸ்யூமேவைக் குடுத்திருக்கறேன். யாரும் ஆள் எடுக்கறதில்ல இப்ப" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நம்மளும் அதே விசாலதான் கண்ணு இருக்கறோம்" என்றாள். நான் வளர்ந்த வீடு, என் அறை, என் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து எல்லாமே அப்பாவின் ஆபீஸ் நாற்காலியின் காலில் கட்டப்பட்டிருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

எந்தக் கம்பெனியும் அழைக்கவில்லை. நஸ்ரீனின் உம்மா சாமான்களை ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கத் தொடங்கினார். அரிசி டப்பாவை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, "அல்லா எங்க சோறு எழுதியிருக்கானோ அங்கதானே போகணும்" என்று அம்மாவிடம் சிரித்தார். அம்மாவால் சிரிக்க முடியவில்லை.

அவர்கள் புறப்படும் வாரத்தில்தான் செனட்டின் இறுதி விவாதம் வந்தது. நஸ்ரீன் அவளுடைய வாப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எழுந்து நின்று ஆங்கிலத்தில், நிதானமாக, இந்த அவை எங்கள் பேச்சைக் கேட்காவிட்டால் தென் கரோலினா ஒன்றியத்தைவிட்டுப் போகும் என்றாள். வகுப்பு மேசைகளைத் தட்டியது. அடுத்து நான் எழுந்து, சட்டம் சட்டம்தான், ஒரு மாநிலத்துக்காக வளையாது என்று முழங்க வேண்டும். அப்படித்தான் ஒத்திகை பார்த்திருந்தேன்.

எழுந்தேன். டை அவளுக்கு மிக நீளமாக, இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"போகாதடி" என்றேன்.

வகுப்பில் வேறு யாருக்கும் விளங்கவில்லை. மாசசூசெட்ஸின் செனட்டர் சொன்னதை அவைக் குறிப்புக்காக மொழிபெயர்க்க வேண்டும் என்று மிஸ்டர் கெல்லர் மெல்லக் கேட்டார். மாசசூசெட்ஸ் வரியைப் படிப்படியாகக் குறைக்கச் சம்மதிக்கிறது, தென் கரோலினா நம்மோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது என்றேன். என் பக்கத்து மாநிலங்கள் கூச்சலிட்டன. வரலாற்றிலும் ஏறத்தாழ அப்படித்தான் சமரசம் ஆனது என்பதை மிஸ்டர் கெல்லர் பிறகு சொன்னார். நான் அதை எண்ணிச் சொல்லவில்லை. இந்த அறையில் அவள் போகாமல் இருந்துவிட்டால் வெளியிலும் இருந்துவிடுவாள் என்று பதின்மூன்று வயதில் நம்ப முடிந்தது.

நஸ்ரீன் டையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, தென் கரோலினா இருக்கும் என்றாள். கைதூக்கி வாக்கெடுத்தார்கள், வரியைக் குறைக்கும் மசோதா நிறைவேறியது. சனிக்கிழமை மதியம் அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிச் சென்ற வேன் எங்கள் பிளாக்கைத் தாண்டித் திரும்பியபோது, அவள் பின் சீட்டில் முழங்காலிட்டு, கண்ணாடி வழியே கையசைத்துக்கொண்டே போனாள்.

வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு வாங்கிச் சில மாதங்கள் பேசினோம். பிறகு அவர்கள் வீடு மாறினார்கள், எண் மாறியது, ஒரு நாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. சில ஆண்டுகள் கழித்து எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. பிறகு குடியுரிமையும் வந்தது. இப்போது நான் நாட்டின் மறுகோடியில், சான் ரமோனில் இருக்கிறேன். அந்த அபார்ட்மென்ட்டை இடித்துவிட்டதாகக் கேள்வி. மிஸ்டர் கெல்லர் ஓய்வுபெற்று எங்கோ போய்விட்டார். என் மகள் இப்போது அதே சுங்கவரிப் பாடத்தைப் படிக்கிறாள். நான் தமிழில் விளக்குகிறேன், அவள் பொறுமையாகக் கேட்டு ஆங்கிலத்தில் நன்றி சொல்கிறாள். இந்த நாட்டின் ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு ஓர் ஓட்டு உண்டு. எதிரில் உட்கார்ந்து, தமிழில் வாதாடி, என்னைத் தோற்கடிக்கத்தான் ஒருத்தி இல்லை.