பச்சைக் கோட்டில் நின்ற முள்

பால்காரம்மாவுக்கு விரல்கள் மடங்காது. முப்பது வருஷம் ஆறு மாடுகளைக் கையாலேயே கறந்து மூட்டெல்லாம் வீங்கிப்போய், ரவிக்கைக் கொக்கி மாட்டுவதே பெரும்பாடு. அதனால்தான், மூடிப்போன பண்ணை ஒன்றிலிருந்து பழைய கறவை இயந்திரத்தைத் தம்பி கொண்டுவந்து இறக்கியபோது, அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கொட்டகைச் சுவரில் அதன் வட்ட மீட்டர். முள் பச்சைக் கோட்டில் நின்றால், பம்ப் காற்றை உறிஞ்சிப் பாலை இழுக்கும் இழுவை சரி. தாண்டினால் காம்பு புண்ணாகும். இழுவை மிஞ்சாமலிருக்கக் குழாயில் ஒரு வால்வு. வெளிக்காற்றை உள்ளே விட்டு ‘உஸ்’ஸென்று சீறிக்கொண்டே இருக்கும்.

பால் வண்டி அரைமணி முன்னதாக வரத் தொடங்கியதும், தம்பி அந்த வால்வில் கனத்த இரும்பு நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். காற்று நுழைய வழியில்லாமல் கறவை வேகம் பிடித்தது. சீறல் அடங்கியது.

“மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதேடா?”

“முள்ளப் பாருக்கா. இம்மிகூட அசையல. நீ சும்மா பயந்து சாகாத.”

பார்த்தாள். பச்சையில்தான் நின்றது. மனசு ஆறிற்று.

பத்து நாளில், சாதுவான செவலை மோட்டார் சத்தம் கேட்டாலே கால் மாற்றி மிதித்தது. ஒருநாள் வடிகட்டித் துணியில் மயிரிழை போல ஒரு சிவப்பு.

“கன்னு முட்டியிருக்கும்” என்றான் தம்பி.

காம்பு நுனியைத் தடவினாள். காய்த்து, நீலம் பாய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். முள் பச்சையில். தன் கையை நம்பாமல் முள்ளை நம்பினாள்.

மறுநாள் காலை, பாதிக் கறவையில் மின்சாரம் போயிற்று. பம்ப் ஓய்ந்தது. செவலையின் காம்புகளில் மாட்டியிருந்த கப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தாள். இழுவையே இல்லாதபோதும் முள் அதே பச்சைக் கோட்டில்.

“டேய், இங்க வா.”

தம்பி கண்ணாடியைச் சுண்டினான். அசையவில்லை. “இது எப்பலேர்ந்துக்கா?”

“அதத்தான் நான் உன்னக் கேக்குறேன்.”

மின்சாரம் வந்ததும் நட்டைக் கழற்றச் சொன்னாள். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சீறல் வரவில்லை. இத்தனை நாள் அமுங்கிக் கிடந்ததில் வால்வே துருவேறி இறுகியிருந்தது. தம்பி ஒரு கப்புக்குள் கட்டைவிரலை விட்டு, சிறிது நேரத்தில் உதறிக்கொண்டு எடுத்தான். நுனி கன்றிப்போயிருந்தது.

“நமக்கே இப்படின்னா…”

“நிறுத்துடா மோட்டார.”

“உன் கையால எப்படிக்கா? இந்த ஒருவேளை மட்டும் ஓட்டிக்கலாம்.”

“சொம்ப எடுத்துக்கிட்டுக் கருப்பிகிட்ட போய் உக்காரு.”

“எனக்கெங்க கறக்கத் தெரியும்? சின்ன வயசுல உதை வாங்கினதுலேர்ந்து நீதான மாட்டுகிட்டயே விடல?”

“இன்னைக்கு மிச்சத்தயும் வாங்கிக்கோ. போ.”

செவலையின் அருகே குந்தினாள். கை பட்டதும் அது காலைத் தூக்கியது. கழுத்தைத் தடவிக் கொடுத்துக் காத்திருந்து, மடங்காத விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே காம்பை அழுத்தி இழுத்தாள். இரண்டு காம்புகளில் பால் வந்தது. மூன்றாவதில் சிவந்த நீர். நான்காவதன் மேல் மடி கல்லாக இறுகிச் சுட்டது; சொட்டுகூட வரவில்லை.

வெளியே பால் வண்டி ஹாரன் அடித்தது. மற்ற ஐந்து மாடுகளையும் அவள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.