சிங்கப்பூர் வரைக்கும் ஒரு கெட்டிமேளம்

கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் மேடையில் ஒரு மைக்கும் உயிரோடு இருக்கக் கூடாது. சமயநல்லூர் மைக்செட் நல்லகாமனுக்கு இது சட்டம். தொண்ணூற்றிரண்டில், தொழிலுக்கு வந்த புதிதில், பக்கத்து ஊர்க் கல்யாணம் ஒன்றில் ஐயருக்கு முன்னால் வைத்த மைக்கை அணைக்க மறந்து தொலைத்தார். தவில் அடி மைக்கில் ஏறி, ஒலிபெருக்கிக் குழாய் வழியாக வெளியே வந்து, திரும்ப மைக்குக்குள்ளேயே புகுந்து, ஊவென்று ஓர் ஊளை. தாலி ஏறுகிற நேரத்தில் ஊளை கேட்டால் எந்த மாமியார் சும்மா இருப்பாள்? நல்லகாமனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அந்த வருஷம் ஆவணி, ஐப்பசி, தை என்று மூன்று முகூர்த்த மாதமும் அவர் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது.

அதற்கப்புறம் ஐயர் கையைத் தூக்கி மேளக்காரரைப் பார்க்கும் முன்பே நல்லகாமன் கை பித்தான்களுக்குப் போய்விடும். டக், டக், டக் என்று எல்லா மைக்கும் அணைந்துவிடும். மேளத்துக்கு எதற்கையா மைக்கு, அது மூன்று தெருவுக்குத் தானாகவே கேட்குமே என்பார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. விடியக்காலை ஐந்து மணிக்குச் சாமி பாட்டுப் போட்டால்தான் அந்த வீட்டில் விசேஷம் என்று ஊருக்கே தெரியும். பந்தல் போட்டுச் சோறு வடித்துச் சொந்தமெல்லாம் வந்து இறங்கினாலும், ரேடியோக் குழாய் கட்டவில்லை என்றால் அது கல்யாணமே இல்லை. வேப்ப மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, கேசட்டைப் பென்சில் விட்டுச் சுற்றுவது, தாய்மாமன் சீர் வருகிறபோது பெயரைப் பிழையில்லாமல் சொல்வது எல்லாமே நல்லகாமன்தான். ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த நாள் அடிதடி ஆகிவிடும் என்பதால் அவர் தாளைப் பார்த்துச் சொல்ல மாட்டார், மனப்பாடமாகச் சொல்வார். கடைக்குப் பெயர் 'பாண்டியம்மாள் சவுண்ட் சர்வீஸ்'. பொண்டாட்டி பெயரை வைத்திருக்கிறானே என்று கேலி பண்ணினவர்கள் உண்டு. "எங்க வீட்டுல சவுண்டு அவளுதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாயிரத்து மூன்றில் மகள் கனகலட்சுமிக்குக் கல்யாணம். சொந்த மகள் கல்யாணத்துக்கு வெளி ஆளை வைத்து மைக் போடலாமில்லையா? போடவில்லை. வேறொருத்தன் கையில் விட்டால் ஊளை விட்டுவிடுவான் என்று பயம். மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். அந்த ஈரம் காய்வதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி ஓடினார். ஓரத்தில், மைக் வயரெல்லாம் வந்து சேர்கிற மிக்சர் பெட்டிக்குப் போய் எல்லா மைக்கையும் அணைத்தார். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, ஒரு ஊளை இல்லை. காரியம் சுத்தம்.

மறுவீட்டுக்குப் போகிற வண்டியில் ஏறும்போது கனகு ஒன்றே ஒன்று சொன்னாள். "தாலி கட்டுனப்ப எல்லாரும் அட்சதை போட்டாகப்பா. நான் உங்களத் தேடுனேன். நீங்க குனிஞ்சு பொட்டியத் திருகிக்கிட்டு இருந்தீக."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, அதனால் அங்கே போய்விட்டாள். வாராவாரம் போனில் பேசுவாள், சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா என்பாள். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அது நல்லகாமனுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம், தாலி கட்டுகிற இடம் வந்தால் வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடிற்று. இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் மகன் சூரியபிரகாஷுக்கு மேலூரில் பெண் முடிவாயிற்று. கனகுதான் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள். அவளுக்கோ அப்போது எட்டு மாசம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். போனில் அழுதாள்.

"முடிச்சத்தான் போட முடியல. மேளச் சத்தத்தையாவது கேக்கணும்பா. நானும் அந்த நேரம் இங்கருந்து அட்சதை போடுறேன்."

"கேக்க வைக்கிறேன் தாயி. நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் நல்லகாமன்.

சொல்லிவிட்டாரே தவிர, வழி தெரியவில்லை. நிச்சயதார்த்தத்தன்று செல்போனை எடுத்துத் தவிலுக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கனகு வைத்துவிட்டாள். ஊருக்கே பாட்டுப் போட்ட மனுஷன், பெற்ற மகளுக்கு ஒரு சத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் முழித்தார்.

அப்போதுதான் கார்த்திகேஷைப் பிடித்தார். காமராஜர் சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற சௌராஷ்டிரக்காரர். முப்பது வயசு இருக்கும், பதறாத ஆள். கச்சேரி ரெக்கார்டிங் எல்லாம் லேப்டாப்பிலேயே செய்வார். "மிக்சர்லருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர், லேப்டாப்புல நெட்டுக் கனெக்‌ஷன். சிங்கப்பூர் என்னண்ணே, அமெரிக்காவுக்கே போகும். அப்படியே ரெக்கார்டும் ஆயிரும்" என்றார். டவுன் ஹால் ரோட்டுக்கு இருவரும் போய், ஒரு பக்கம் தடித்த பின்னும் மறுபக்கம் மெல்லிசுப் பின்னும் வைத்த வயர் வாங்கி வந்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் வைத்துச் சோதனை. நல்லகாமன் வழக்கம்போல ஆம்ப்ளிபயருக்குப் போகிற வழியிலேயே வயரைச் செருகி, லேப்டாப்பின் மைக் ஓட்டையில் மறுமுனையைக் குத்தினார். "ஹலோ" என்றார். லேப்டாப் திரையில் சத்தத்தைக் காட்டுகிற கோடெல்லாம் ஒரே சிவப்பாகி, சத்தம் கிழிந்து கந்தலாக வந்தது.

"அண்ணே, இம்புட்டுச் சத்தம் தாங்காது. இது காதுல ரகசியம் பேசுற ஓட்டை. நீங்க மாட்டுத்தாவணி ஸ்டாண்டுல நின்னு பஸ்ஸைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறீக" என்றார் கார்த்திகேஷ்.

மெயின் வழியை விட்டுவிட்டு, மிக்சரில் ஆக்ஸ் என்று எழுதியிருந்த ஓட்டையில் வயரைச் செருகச் சொன்னார். அதில் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக ஒரு திருகு உண்டு. மண்டபத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, சிங்கப்பூருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பதினைந்து வருஷமாக அந்தத் திருகு அவர் பெட்டியிலேயே இருந்தது, ஆனால் அவர் அதைத் தொட்டதே இல்லை. சத்தம் அடங்கிச் சுத்தமாக வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஙொய்யென்று ஓர் இரைச்சல். கார்த்திகேஷ் எதை எதையோ தட்டிப் பார்த்தார், போகவில்லை. நல்லகாமன் குனிந்து லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினார். இரைச்சல் நின்றது.

"எர்த்து அடிக்குது. நாளைக்கு அந்த நேரத்துக்கு மட்டும் பேட்டரியில ஓட்டு" என்றார். கார்த்திகேஷ் சரிண்ணே என்று சார்ஜரைச் சுருட்டி வைத்தார். அந்த ஒரு விஷயத்தில் நல்லகாமனுக்கு ஏக சந்தோஷம். சாயங்காலம் வரைக்கும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் தன் ஆயுளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். தவிலுக்கு ஒரு மைக் வைத்தார். அதை மண்டபத்துக்கு விடவில்லை, சிங்கப்பூருக்கு மட்டும்தான். தவில்காரர் காளைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னண்ணே, என் அடிக்கு மைக்கா? கையில தெம்பு போச்சுன்னு நினைச்சீகளா?"

"உனக்கில்லப்பா. கனகுக்கு."

காளை கனகுவின் கல்யாணத்துக்கு வாசித்தவர். மைக்கை இன்னும் ஒரு சாண் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

மிக்சருக்குப் பக்கத்திலும் ஒரு மைக் வைத்தார்கள். கல்யாணம் நடக்க நடக்க நல்லகாமன் மகளிடம் பேச வேண்டுமே, அதற்கு. அதுவும் சிங்கப்பூருக்கு மட்டும். கனகு பேசுவது அவர் மாட்டிக்கொள்கிற ஹெட்போனில் கேட்கும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லைன் கிடைத்தது. "அப்பா, கேக்குது, ஐயர் குரல் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் கனகு. நல்லகாமன் மைக்கில் வாயை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். தம்பி மணவறைக்கு வந்துட்டான். பொண்ணு மாம்பழக் கலர் சேலை. உங்க அம்மா இப்பவே அழ ஆரம்பிச்சுட்டா. உனக்குப் பதிலா சித்தப்பா மக சோலையம்மாதான் முடிச்சுப் போடப் போறா. கனகு சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், அட்சதையைக் கையில் எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

பாண்டியம்மாள் மேடையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு அப்பன் இப்படி வயர்க் குவியலில் உட்கார்ந்திருந்தால் சம்பந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கோபம் அவளுக்கு. இந்த வாட்டி தொழிலுக்காக இல்லை, மகளுக்காகத்தான் என்பதை அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிச் சொல்வது? யாரோ அவர் இடது கையில் அட்சதையைத் திணித்துவிட்டுப் போனார்கள்.

ஐயர் தாலியை எடுத்துச் சூரியபிரகாஷ் கையில் கொடுத்துவிட்டுக் காளையைப் பார்த்தார். நல்லகாமன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது.

அட கடவுளே, காளை அன்றைக்கு அடித்த அடியை என்னவென்று சொல்வது. மண்டபத்துத் தகரக் கூரையே அதிர்ந்தது. நல்லகாமன் மகனைப் பார்த்தார், மருமகள் கழுத்தைப் பார்த்தார், சோலையம்மாள் குனிந்து முடிச்சுப் போடுவதைப் பார்த்தார். அந்த இடத்தில் கனகு நின்றிருக்க வேண்டும். பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. தோள் துண்டை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. ஐம்பத்தாறு வயசு மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். "எம் புள்ள இல்லையே, எம் புள்ள இல்லையே" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அவ்வளவு மேளத்தில் தனக்கே அது கேட்கவில்லை.

பக்கத்தில் கார்த்திகேஷ் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். அவ்வளவு மேளத்துக்கும் சத்தக் கோடு கீழே விழுந்து கிடந்தது. கையை நீட்டினவர் நல்லகாமன் முகத்தைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

மேளம் ஓய்ந்தது. நல்லகாமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனைக் காதில் ஏற்றி, "கனகு, கேட்டியா?" என்றார்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தாலி கட்டியாச்சாப்பா?" என்றாள்.

"என்னம்மா இப்படிக் கேக்குற? காளை அடிச்ச அடிக்கு..."

"மேளம் சரியாக் கேக்கலப்பா. எங்கயோ தள்ளி அடிக்கிற மாதிரி இருந்துச்சு."

நல்லகாமன் குனிந்து பெட்டியைப் பார்த்தார். ஐயர் மைக் அணைந்திருந்தது. மேடை மைக் இரண்டும் அணைந்திருந்தன. கடைசியில் தவில் மைக், தன் வாழ்க்கையிலேயே முதன்முதலாக மேளத்துக்கென்று வைத்த அந்த மைக், அதுவும் அணைந்திருந்தது. ஐயர் காளையைப் பார்த்த அந்த நொடியில், பதினாறு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் தட்டிவிட்டு வந்திருக்கிறது. எப்போது தட்டினோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"பாவி, நானே அணைச்சுட்டேன் தாயி" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இரு. காளையை விட்டு இன்னொருக்கா அடிக்கச் சொல்றேன். ஒரே நிமிஷம்."

"வேணாம்பா. தாலி கட்டாம கெட்டிமேளம் அடிக்கக் கூடாது."

"ரெக்கார்டும் இப்படித்தாண்ணே ஆயிருக்கு. உங்க மைக்கு மட்டும்தான் விழுந்திருக்கு. அழிச்சிரவா?" என்று கார்த்திகேஷ் காதோரம் கேட்டார்.

அப்போதுதான் நல்லகாமனுக்குப் புரிந்தது. மேடையில் இருந்ததையெல்லாம் அணைத்த கை, தன் வாய்க்கு முன்னால் இருந்த மைக்கை அணைக்கவில்லை. பழக்கத்தில் இல்லாத மைக் அது. தாலி கட்டின நேரத்தில் அவர் அழுததெல்லாம் மகளுக்கு அதில்தான் கேட்டிருக்கிறது. கார்த்திகேஷ் கேட்டது அவளுக்கும் போயிருந்தது.

"அழிக்க வேணாம்னு சொல்லுங்கப்பா. எனக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

நல்லகாமனுக்கு வெட்கமாக இருந்தது. ஊர்ச் சத்தத்தையெல்லாம் பெரிதாக்கிக் காட்டினவர்தான், ஆனால் தன் அழுகையை யாரிடமும் காட்டியதில்லை. மேடையிலிருந்து யாரோ செத்த மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லகாமா, மைக்கப் போடுப்பா, சீர் வரிசை சொல்லணும்" என்று கத்தினார்கள். அவர் நிமிரவில்லை.

"அப்பா" என்றாள் கனகு. "எங் கல்யாணத்துலயும் இப்படித்தான் அழுதீகளா?"

இடது கையில் அட்சதை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. நல்லகாமன் மைக்குக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

"ஆமா தாயி. அத மறைக்கத்தான் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்."