பெல்ட்டில் வந்த வீடுகள்

முதலில் சோப்பை எடுக்கிறாள். அடுத்து துணிக் கிளிப்புகள். அடுத்து ஒரு பூந்தொட்டி, செடி இல்லாதது. ஒவ்வொன்றையும் ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்தில் காட்டி, 'பீப்' கேட்டதும் இடது பக்கம் நகர்த்துகிறாள். எதிரே நிற்கும் பெண்மணி, "ஆமை வந்து பில் போட்டிருந்தாக்கூட இந்நேரம் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்" என்கிறார். "சரிங்கம்மா" என்கிறாள். கண் பொருள்களை விட்டு எழவில்லை. அந்தப் பெண்மணி மேலும் பொரிந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது, இவள் அவருடைய பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். மேல் மாடி. மூலையில் அந்தத் தொட்டி. மத்தியானம் வரை அங்கே வெயில் வராது. செடி வைத்தால் பிழைக்குமா என்பதுதான் அவளுடைய கவலை.

திட்டைத் தாங்குவதற்கு அவள் கண்டுபிடித்துக்கொண்ட வழி இது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் வாங்கிய சாமான்களுக்குள் இறங்கி, மனசுக்குள் அவர்கள் வீட்டைக் கட்டத் தொடங்கிவிடுவாள். பூட்டு வாங்கியவர்களின் வீட்டை வாசலிலிருந்து தொடங்குவாள். கொசுவத்தி என்றால் ஜன்னலிலிருந்து. பூனைத் தீனியும் ஒற்றை நூடுல்ஸ் பாக்கெட்டும் சேர்ந்து வந்தால், அந்த வீட்டில் யாருக்கு முதலில் சாப்பாடு என்பது அவளுக்கு விளங்கிவிடும். கார்டை முகத்துக்கு நேரே விசிறி எறிந்த ஒருவருக்கு, அவர் வாங்கிய படுக்கை விரிப்புக்குப் பொருத்தமாகச் சுவர் முழுக்க இளநீலம் பூசிக் கொடுத்திருக்கிறாள். அவர் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது இரண்டாவது பூச்சு காய்ந்துகொண்டிருந்தது.

விடுமுறைக் காலத்தில் இந்த வீடுகளுக்குப் பஞ்சமில்லை. கூரையிலிருந்து காகித நட்சத்திரங்கள் தொங்கும். ஒலிபெருக்கியில் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். எல்லோருக்கும் யாரையோ சந்தோஷப்படுத்த வேண்டிய அவசரம். அந்த அவசரத்தில் எதிரே இருப்பவர் மேல் விழுந்து பிடுங்குவார்கள். சொடக்குப் போட்டுக் கூப்பிடுவார்கள். போனில் யாரிடமோ கொஞ்சிக்கொண்டே இவளைப் பார்த்து முறைப்பார்கள்.

பக்கத்துக் கவுன்ட்டர் அக்கா வேறு ரகம். வாங்கிய திட்டை அப்போதே இறக்கி வைத்துவிடுவாள். "வந்தாரு பாரு, கடையையே கட்டி வாடகைக்கு விட்டவரு மாதிரி" என்று முணுமுணுப்பாள். நம்மவளின் பார்வை சாமான்களில் ஊன்றிப்போனதைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு.

"ஏய், குடித்தனம் போயாச்சா? எத்தனாவது மாடி?"

"நாலு. லிஃப்ட் இல்லக்கா."

"அதான் அந்தம்மா அப்படி மூச்சு வாங்குது."

இவளுடைய புருஷன் பஸ் ஓட்டுகிறார். இவள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். ஒற்றை அறை. ஒருவர் வெளியே போனால்தான் இன்னொருவர் காலை நீட்டலாம் என்பது அவர்களுக்குள் ஓடும் கேலி. மகள் மட்டும் தூங்காமல் காத்திருப்பாள்.

"இன்னிக்கு யாரு வீட்டுக்குப் போனம்மா? கத்தினவங்க வீடா, கத்தாதவங்க வீடா?"

"கத்தினவங்க வீடுதான். கத்தாதவங்க வீட்டுக்கு எனக்கு வழி தெரியாதுடி."

பால்கனியைச் சொல்வாள், தொட்டியைச் சொல்வாள். அங்கே ஒரு நாய் இருக்கட்டும் என்பாள் மகள். நாய்த் தீனி வாங்கவில்லையே என்பாள் இவள். "மறந்திருப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நாயோடு தூங்கிப்போவாள் மகள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. திட்டுகிறவர்களுக்குத் தங்கள் திட்டு போய்ச் சேர வேண்டும். இவளிடம் அது சேரவில்லை என்பதை அவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார்கள். 'முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை' என்று ஒரு புகார். 'நான் கத்தும்போது சிரித்தாள்' என்று இன்னொன்று. சூப்பர்வைசர் இவளைவிட இளையவர். தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, இன்னொண்ணு வந்துச்சுன்னா என் கையில இல்ல. குடோனுக்கு மாத்திடுவாங்க."

"மாத்தட்டுமே" என்றாள் பக்கத்துக் கவுன்ட்டர் அக்கா. "ஏச்சும் இல்ல, பேச்சும் இல்ல. காலாட்டிக்கிட்டு உக்காரலாம். சம்பளமும் அதேதானே?"

"அங்க சோப்பு சோப்போடயே இருக்கேக்கா."

அக்காவுக்குப் புரியவில்லை. இவள் குடோனை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கிறாள். தரையிலிருந்து கூரை வரை ஒரே மாதிரிப் பெட்டிகள். சோப்புக்குப் பக்கத்தில் சோப்பு, அதற்குப் பக்கத்திலும் சோப்பு. யாரும் எதையும் எதோடும் சேர்த்து வைக்காத இடம். அங்கே உட்கார்ந்து ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. மகளிடம் போய் எதைச் சொல்வது?

அதனால் முகங்களைப் பார்க்க முயன்றாள். ஒரு நாள்தான் முடிந்தது. சுருங்கிய புருவமும் தெறிக்கும் எச்சிலும் நேராக உள்ளே இறங்கின. ஒரே பிஸ்கட்டுக்கு இரண்டு முறை பீப் அடித்தது. அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் கண்கள் தானாகவே சாமான்கள் நகர்ந்து வரும் பெல்ட்டுக்குத் திரும்பிவிட்டன.

விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம். வரிசை குளிர்ப்பெட்டிகள் வரை நீண்டிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த ஒருவரின் சாமான்கள் வந்தன. பிறந்த குழந்தைக்கான டயப்பர், பால்பவுடர், பால் புட்டி, பெரிய காப்பித்தூள் டப்பா, ரொட்டி, சின்னதாய் ஓர் இரவு விளக்கு.

"டயப்பருக்கு ஆஃபர் ஏறலையே?"

"அது நேத்தோட முடிஞ்சிருச்சு சார்."

"போர்டு தொங்குதே! அப்ப அது என்ன, அழகுக்குத் தொங்குதா?"

"கழட்ட மறந்துட்டாங்க சார்."

அவ்வளவுதான். "நீங்க மறப்பீங்க, நான் தெண்டம் அழணுமா? எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா? இங்க வேலை செய்யறவங்க ஒருத்தருக்காவது..."

அதற்குள் அவள் அந்த வீட்டு வாசலில் இருந்தாள். செருப்புகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. பகலிலும் திரை இழுத்து விட்டிருந்தது. சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்த புட்டிகள். உள்ளறையில் சுவரில் சாய்ந்தபடியே ஒரு பெண் கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்தில், துணிக்குள், கைப்பிடி அளவு சிவந்த முகம். ராத்திரி முழுக்க அழுதுவிட்டு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. கீழுதடு மட்டும் இன்னும் அழுகையை விடவில்லை. நின்று நின்று துடித்தது. அவள் நிலைப்படியில் மூச்சைப் பிடித்து நின்றாள்.

"ஏம்மா! நான் பேசிட்டிருக்கேன், நீ எங்க பாக்குற?" அவர் கவுன்ட்டர் மேடையில் ஓங்கி அறைந்தார். உள்ளறையில் இரண்டு சின்னக் கைகள் திடுக்கிட்டு மேலே எழுந்தன.

"மெதுவாப் பேசுங்க. இப்பதான் தூங்குச்சு."

வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வரிசை அடங்கியது. பின்னால் நின்ற பெண் குனிந்து டிராலிக்கு அடியில் பார்த்தாள். "எங்க? எங்க இருக்கு?" என்று குசுகுசுத்தாள். யாரோ கிறீச்சிட்ட சக்கரத்தைக் காலால் நிறுத்தினார்கள். அறைந்த கையை அவர் மேடையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்தார்.

"யாரு?" என்றார். குரல் பாதியாகியிருந்தது.

அவள் திரும்பி வந்துவிட்டாள். என்ன சொன்னோம் என்பது உறைத்தது, காது சுட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சிவந்து வீங்கிய கண்கள். சவரம் செய்து நாளாகியிருந்தது. அந்த வீட்டில் இவ்வளவும் வைத்தவள், இவரை எங்கேயும் வைத்திருக்கவில்லை.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்ன சார், என்ன பிரச்சனை?"

"உஷ்!" என்றாள் டிராலிக்கு அடியில் பார்த்தவள்.

சூப்பர்வைசர் திகைத்து, அவர் வாயருகே காதைக் கொண்டுபோனார். "இந்தம்மாவுக்கு ஆளுங்ககிட்டப் பேசத் தெரியல" என்றார் அவர், கிசுகிசுப்பாக. "இங்க உக்கார வெக்காதீங்க. இதைப் புகாராவே எடுத்துக்கங்க."

"சார், அவ என்ன தப்பாச் சொல்லிட்டா?" என்று பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து அக்காவும் ரகசியக் குரலில் கேட்டாள்.

சூப்பர்வைசர் இவள் பக்கம் குனிந்தார். "லீவு முடிஞ்சதும் குடோன்க்கா. நான் என்னக்கா பண்ணட்டும்?"

"சரிங்க" என்றாள்.

பிறகு சாமான்களைப் பையில் அடுக்கினாள். காப்பித்தூள் அடியில். ரொட்டி நசுங்காமல் ஓரமாக. விளக்கை டயப்பர் கட்டுகளுக்கு நடுவே பொதிந்து வைத்தாள். புட்டி மேலாக. வழக்கமாகப் பையை மேடைமேல் தள்ளிவிடுவதுதான். இன்று எழுந்து நின்று, ஒரு கையை அடியில் கொடுத்து, இரு கைகளாலும் தூக்கி நீட்டினாள்.

அவர் கைப்பிடியைப் பற்றி இழுக்க ஒரு கையை நீட்டினார். பை வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவருடைய இன்னொரு கையும் மெல்ல எழுந்து வந்து பைக்கு அடியில் நுழைந்தது. அப்போதும் அவள் விட்டுவிடவில்லை. அவர் முழங்கையை மடக்கி, பாரம் முழுவதும் அவர் நெஞ்சில் சாயும் வரைக்கும் தன் கையை அடியிலேயே வைத்திருந்தாள்.