மீனம்பாக்கத்திலிருந்து ராயபுரத்துக்கு ஏழரை மணி நேரம்

ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் எனக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம். காசிமேட்டில் மீன் விற்பவள், வியாபாரம் முடிந்ததும் எலக்ட்ரானிக் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ரேஷன் அரிசியைக்கூட நிறுத்துப் பார்க்காமல் பானையில் கொட்டமாட்டாள். அவள் தராசைத் தப்பு என்று எவராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு மார்க்கெட்டில் சண்டைதான்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்த நாள் அது. அம்மாவின் போனில் எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். அங்கே காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் நம் கடிகாரத்தில் ஐந்தரை. ஆக, ஒன்பதரைக்கு மீனம்பாக்கம். பெட்டியை எடுத்து, டாக்சி பிடித்து, எவ்வளவு நெரிசல் என்றாலும் பன்னிரண்டு மணிக்குள் ராயபுரத்தில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்கே விமானம் இறங்கிவிட்டதாகப் போனும் சொன்னது.

அப்பா வந்தபோது மணி ஐந்து.

"ஃப்ளைட்டு லேட்டாயிட்ச்சி கண்ணு" என்றார். பச்சைப் பொய். மூவாயிரம் கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம், மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு ஏழரை மணி நேரமா? காலையிலிருந்து வாசலிலேயே நின்ற என்னைவிட வேறு யாரோ அவருக்கு முக்கியமாகிவிட்டார்கள்.

பெட்டியின் கைப்பிடியில் விமானக்காரர்கள் ஒட்டிய சீட்டில் முப்பது கிலோ என்றிருந்தது. சும்மா விடுவேனா? தரதரவென்று இழுத்துப் போய்த் தராசில் ஏற்றினேன். இருபத்து நாலு.

"ஆறு கிலோ கொறையுது. யாருக்கு நைனா குட்த்துட்டு வந்தே?"

தாத்தா பேப்பரை மடித்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு பெரம்பூருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் வாசலை மிதித்தவர் யாரானாலும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று மாதா படத்தின் முன் நின்று சொன்னவர் தாத்தா. அப்பா என்னையே பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தராசு பேஜாரு பண்ணுது மாமா. ரெண்டு நாளா தப்பாத்தான் காட்டிகினு கீது" என்றாள் அம்மா.

நான் திகைத்துப் போனேன். என் அம்மாவா இதைச் சொன்னது? அவள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

தாத்தா தராசையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நாளிக்கி ரிப்பேருக்குக் குட்த்துடு" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்த ஆறு கிலோ, வயிற்றுப் பிள்ளைக்காரியான தங்கைக்கு அப்பா கொடுத்த பால்பவுடரும் பிள்ளைத்துணியும் என்பது நான் காலேஜ் போன பிறகு அத்தையே சொல்லித்தான் தெரிந்தது. அப்பாவிடம் அவற்றை வாங்கி வரச் சொன்னது அம்மாவாம்.

ஆனால் ஒன்றை நான் அன்றே கண்ணால் பார்த்தேன், புரியத்தான் இல்லை. மறுநாள் விடிகாலையில் அம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பியபோது, ரிப்பேர் பேச்சே எடுக்காமல் அதே கெட்டுப்போன தராசைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக் கொடுத்தவர் தாத்தா.