மாமாவின் மெயில் திறக்காத ஞாயிறு

எங்கள் வீட்டில் இன்டர்நெட் பார்க்க வேண்டுமென்றால் காலைக் கழுவிவிட்டு வர வேண்டும். சித்தப்பா போட்ட சட்டம் அது. ஹார்பர் பக்கம், கல்மண்டபம் ஏரியாவில் எங்களுடையது மாடி வீடு. கீழே நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) கடை, மீன்பிடி வலையும் நைலான் கயிறும் விற்கிற கடை. யார் படியேறி வந்தாலும் காலோடு கொஞ்சம் மணலும் வரும். அந்த மணல் ஒரு பொட்டு உள்ளே போனால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று சித்தப்பா மிரட்டி வைத்திருந்தார். இத்தனைக்கும் அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் மூடியே கிடையாது. சூடாகிறதென்று அவரேதான் கழற்றிப் போட்டுவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தார். மானிட்டர் தலைமேல் அம்மா ஒரு மாதா படத்தை வைத்திருந்தாள். ஆக, மேலே மாதா, பக்கத்தில் ஃபேன், எதிரே கால் கழுவிய நாங்கள். கிட்டத்தட்ட கோயில்தான்.

இப்போது ஃபோனில் தடவியதும் வந்து கொட்டுகிறதே, அந்த இன்டர்நெட் இல்லை அது. அதைக் கூப்பிட வேண்டும். டெலிபோன் ஒயரை எடுத்துக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகி, சித்தப்பா மவுஸை ஒரு தட்டு தட்டுவார். முதலில் யாரோ நம்பர் போடுகிற சத்தம். பிறகு ஐஸ் உடைக்கிற மிஷினுக்குள் புறா மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு அலறல். கீச்சென்று கத்தும், கரகரவென்று இருமும், திடீரென்று மூச்சை நிறுத்திக்கொள்ளும். திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் கண் சிமிட்டத் தொடங்கினால் உலகம் வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் வகுப்பில் இருந்த நான் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போவேன். தினமும் ஹார்பரில் கப்பல் பார்க்கிறவள்தான் நான். ஆனால் இவ்வளவு பெரிய உலகம் இவ்வளவு சின்ன ஒயரில் நுழைந்து வருவதை அதற்கு முன் பார்த்ததில்லை.

உலகம் வருவதில் ஒரே ஒரு சிக்கல். அதே ஒயரில்தான் கீழே கடை போனும் இருந்தது. இங்கே நெட் ஓடினால் அங்கே லைன் கிடைக்காது. அங்கே யாராவது ரிசீவரை எடுத்தால் இங்கே நெட் அறுந்துவிடும். "மீன் லாஞ்சுக்காரன் வலை கேட்டு போன் பண்ணிகினே கீறான், எங்கேஜுன்னு வேற கடைக்கு பூட்றான்" என்று நைனா கத்திக் கத்தி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடை மூடியிருக்கும் மத்தியானம் மட்டும்தான் இன்டர்நெட் என்று முடிவானது.

அந்த ஞாயிறுகளுக்காக வீட்டிலேயே அதிகம் காத்திருந்தவள் அத்தை. நைனாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மாமா கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை செய்தார். அதனால் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அத்தை எங்களோடு வந்துவிட்டாள். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி மாமா போன் பண்ணியிருந்தார். காண்ட்ராக்ட் முடியப்போகிறது, கம்பெனி மறுபடியும் இருக்கச் சொல்கிறது, யோசித்து மெயில் போடுகிறேன் என்றாராம். கிறிஸ்துமஸுக்கு மாமா வருவாரா மாட்டாரா என்பது அந்த மெயிலில் இருந்தது.

அந்த ஞாயிறு மெயில் வந்தே விட்டது. சித்தப்பா மெயில் பெட்டியைத் திறந்ததும் மாமாவின் பெயர் தடித்த எழுத்தில் தெரிந்தது. "யக்கா! மாமா மெயிலு!" என்று கூவினார். அத்தை எட்டிப் பார்த்தாள், பேரைப் படித்தாள், "அடுப்புல கொழம்பு கீது, நீ தொற" என்று சொல்லிவிட்டுப் போனாள். சித்தப்பா தட்டினார். பக்கம் மேலிருந்து கீழாகப் பாய் விரிகிற மாதிரி வந்தது. முதலில் ஒரு நீலப் பட்டை, பிறகு ஏதோ விளம்பரம், பிறகு மாமாவின் பெயர், பிறகு... டொக். அறுந்துபோனது. மறுபடி அலறல், மறுபடி நீலப் பட்டை, மறுபடி டொக்.

"எவன்டா கீழ போன எட்த்தது? பேஜாரு பண்ணிகினு! போய்ப் பார்றி" என்று சித்தப்பா என்னைக் கீழே துரத்தினார்.

கடைக்குள் இருட்டாக இருந்தது. வலை மூட்டைகளுக்கு நடுவில், நைனாவின் நாற்காலியில் அத்தை ரிசீவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, இன்னா பண்றே?"

உஷ் என்று விரலை உதட்டில் வைத்தாள். ரிசீவரை என் காதில் பொருத்தினாள். உள்ளே அதே அலறல், ஆனால் இப்போது என் மண்டைக்குள். கடலுக்கு அடியில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"உள்ள மாமா கீறாரா?"

"கீறாரு."

"இன்னா சொல்றாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல கண்ணு" என்று சிரித்தாள் அத்தை. மேலிருந்து சித்தப்பாவின் குரல் வந்ததும் ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள். "எலின்னு சொல்லு."

சொன்னேன்.

"எலி ரிசீவர எட்த்துச்சா?" என்றார் சித்தப்பா.

"ஒயர கட்ச்சிகினு கீது."

அவ்வளவுதான். தூக்கத்தில் இருந்த நைனா துள்ளி எழுந்தார். மாமா மெயில், கிறிஸ்துமஸ் எதற்கும் அசையாத மனுஷன். "கடைல எலியா? வலைய கட்ச்சா என் பொழப்பு கலீஜாயிடும்டா!" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அன்று மாலை வரை அண்ணனும் தம்பியும் மூட்டை மூட்டையாக நகர்த்தி இல்லாத எலியைத் தேடினார்கள். அத்தை இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்த வாரம் அத்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாடிக்கொண்டே துணி துவைத்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு எம்.சி. ரோடு போய் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று வாங்கினாள். சித்தப்பாவை நிற்க வைத்து முதுகில் வைத்து அளந்தாள். "அவுரு உன்னவிட கொஞ்சம் அகலம்" என்றாள். யார் விசாரித்தாலும் "வந்துகினே கீறாரு" என்று பதில். நானோ, என் மாமா டெலிபோனுக்குள் கப்பல் பாஷை பேசுகிறார், எங்கள் அத்தைக்கு மட்டும்தான் அது புரியும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பாதிப்பேர் நம்பினார்கள். நான் முழுசாக நம்பினேன்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா ஒயர் முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றி, கடையில் கருவாடு வைத்த எலிப்பொறியும் வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்தார். அத்தை கால் கழுவிக்கொண்டு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கீழ போலியா அத்தே?" என்று அவள் காதில் கேட்டேன்.

"வோணாம் கண்ணு. எத்தினி நாளிக்கி?" என்றவள் சித்தப்பாவைப் பார்த்து, "போடுடா" என்றாள்.

நீலப் பட்டை, விளம்பரம், மாமாவின் பெயர். இந்த முறை அறுந்துபோகவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. சித்தப்பா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். நான் நல்லா கீறேன். கம்பெனி இன்னும் ஒன்பது மாசம் இருக்கச் சொல்லுது. இப்ப எறங்குனா அடுத்த கப்பல் எப்ப கெடைக்கும்னு தெரியாது. நீ வான்னா வந்துர்றேன். இருன்னா கையெழுத்துப் போட்டுர்றேன். அடுத்த ஹார்பர்ல எறங்கி மெயில் பாப்பேன். நீயே சொல்லு.

நைனா தொண்டையைச் செருமினார். "உன் இஷ்டந்தாம்மா. நாங்க இன்னா சொல்றது."

"இருக்கச் சொல்லு" என்றாள் அத்தை.

சித்தப்பா இரண்டு விரலால் அடித்தார். "வேற எதுனா போடணுமாக்கா?"

"சட்ட வாங்கி வெச்சிகீறேன்னு போடு."

அடித்தார். அத்தை அந்த வரியைப் பார்த்தாள். "வோணாம். அந்த வரிய எட்த்துடு."

எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ரப்பர் தூசி இல்லை, கறை இல்லை, அப்படி ஒரு வரி இருந்ததற்கு அடையாளமே இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சித்தப்பா ஒரு தட்டுத் தட்டினார்.

"போய்ட்ச்சு."

"அதுக்குள்ளவா?" என்றாள் அத்தை.

"பின்ன? இத இன்னா தபால்னு நென்சியா? இந்நேரம் அங்க போய் நின்னுகினு கீது."

"வழில புடிச்சு நிறுத்த முடியாதா?"

"எவனாலயும் முடியாது" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார் சித்தப்பா. நான் கை தட்டினேன். என் சித்தப்பா ஒரு விரலால் கடலையே தாண்டிவிட்டார்! அத்தை கண்ணிமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செம்ம ஸ்பீடுல்ல அத்தே?"

"ஆமா கண்ணு" என்றாள்.

அந்த வீட்டில் இன்டர்நெட்டைப் பார்த்து என்னைப் போலவே கண்ணிமைக்காமல் மலைத்துப்போன இன்னொரு ஆள் அத்தைதான் என்று ரொம்ப வருஷம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.