கம்பத்து நம்பர் இல்லாத மனு

மாநகராட்சியில் பட்ஜெட் போடுவதற்கு முன்னால் வார்டு மக்களிடம் யோசனை கேட்டு ஒரு படிவம் கொடுப்பார்கள். நான்கு வருஷமாக நான் அதில் எழுதுவது ஒன்றே ஒன்றுதான். விவேக் நகரில் எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் மூலையில், நடந்து கடப்பதற்கு வண்டிகளின் வேகத்தை மட்டுப்படுத்துகிற மாதிரி ஒரு மேட்டுப் பாதை வேண்டும். என் கணவருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகாமல் இருக்கமாட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு போகவும் மாட்டார். ஏற்கெனவே ஒரு பைக் அவரைத் தட்டிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது.

வார்டு கூட்டத்தில் எனக்கு 'ரோட்டுக்கார அம்மா' என்றே பெயர். கேலிதான், ஆனாலும் உள்ளூர எனக்கு அதில் பெருமை.

அந்தப் பெருமைக்குப் போட்டியாக அடுத்த தெருவுக்கு ஒருத்தி குடிவந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இந்த ஊர்க் கன்னடம் சரளமாகப் பேசினாள். முதல் கூட்டத்திலேயே வார்டு இன்ஜினியர் அவளை "மேடம்" என்று கூப்பிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் அவருக்கு வெறும் "அம்மா". அவள் கட்டியிருந்த காட்டன் புடவைகூட எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் அது நல்ல புடவைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் வீட்டில் இல்லாத நேரம், அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மூலைக்கும் அதே மேட்டுப் பாதை கேட்கப் போகிறாளாம். பக்கத்திலிருக்கும் கரண்ட் கம்பத்தின் நம்பரைப் படிவத்தில் எழுதினால்தான் இடத்தைக் கண்டுபிடித்து அளக்க வருவார்களாம், விசாரித்துவிட்டாள்.

"உங்க மூலைக் கம்பத்து நம்பரையுங் குடுங்கக்கா. ரெண்டையும் ஒரே மனுவுல போட்டர்லாங்க" என்றாள்.

நான்கு வருஷம் அலைந்த எனக்குத் தெரியாத விஷயம், நேற்று வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. மனுவிலும் அவள் பெயர்தான் முதலில் இருக்கும்.

"எங்களுது நாங்களே எழுதிக்கிறோம்மா" என்றேன். காபிகூடக் கொடுக்கவில்லை.

வீம்புக்கு மூன்று பக்கம் எழுதினேன். தெரு முழுக்க அலைந்து கையெழுத்து வாங்கினேன். கம்பம் எங்கள் வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும், நம்பரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அவளைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி ஆகிவிடுமே. 'பேக்கரி எதிரில்' என்று போட்டேன். எங்கள் மெயின் ரோட்டில் மூன்று பேக்கரிகள்.

பட்ஜெட் முடிந்து வார்டு ஆபீஸில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் மூலை இருந்தது. எங்களுடையது இல்லை. இன்ஜினியர் என் மனுவைத் தேடி எடுத்து, "கம்ப நம்பர் எல்லம்மா?" என்று கன்னடத்தில் சாதாரணமாகக் கேட்டார். எங்கே என்று கேட்கிறார், எங்கள் வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற கம்பத்தின் நம்பரை!

இரண்டு மாதத்தில் அவள் தெரு முனையில் மேடு போட்டு, வெள்ளைக் கோடும் அடித்துவிட்டார்கள். என் கணவர் இப்போது சுற்றிக்கொண்டு போய் அங்கேதான் கடக்கிறார். பூசை மணி அடித்துவிட்டால் மட்டும் பொறுமை இருப்பதில்லை, எங்கள் மூலையிலேயே இறங்கிவிடுகிறார்.

போன வாரம் அப்படித்தான் இறங்கியிருக்கிறார். ஒரு ஆட்டோ உரசி, முழங்கை தோல் வழன்று வந்தார். மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு நல்ல மாதிரி. நம்ம மூலைக்கும் சேத்து எழுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுதியிருக்கும்" என்றார்.

நான் பஞ்சை மருந்தில் நனைத்தேன்.

"தப்பு என்னுதுதான். தினம் பூசைல பாக்குறேன், கேக்கணும்னு தோணவேயில்ல" என்றார்.

"கையை அசைக்காதீங்க" என்றேன்.