நபிந்து படித்த ‘கெட்’

கம்பாலா நகரத்துச் சந்துகளில் தோள் நிறையத் துணி போட்டுக்கொண்டு கூவி விற்கும், அகதியாக வந்த காங்கோக்காரி நபிந்துவுக்கு வாய் ரொம்ப நீளம். பேரம் பேச வந்தவர்கள் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவள் நாற்பது வயதுக்கு மேல் தேவாலயப் பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தாள் என்றால், காரணம் ஒன்றே ஒன்றுதான்: மகள் அன்சிமா.

சண்டைக்குப் பயந்து ஊரே ஓடிய நாளில் பிள்ளை கைநழுவிப் போனாள். கண்டெடுத்தது நபிந்துவின் அக்கா சிமிரே. அகதி மனுவில் அக்கா பேரோடு பிள்ளை பேரும் ஏறியது. இருவரும் அமெரிக்கா போனார்கள். நபிந்து தேடிக் கம்பாலா வந்து சேர்ந்தபோது விமானம் போய் ஒரு மாதமாகியிருந்தது. அப்போது அன்சிமாவுக்கு நாலு வயது. இப்போது பதினொன்று. வீட்டில் பேசிய சுவாஹிலி சுத்தமாக மறந்துவிட்டது. போனில் அவள் இங்கிலீஷில் என்னமோ சொல்வாள், அக்கா அதை மாற்றிச் சொல்வாள். எப்போதும் ஒரே பாட்டு: “நல்லா இருக்கியான்னு கேக்குறாடி.” பெற்றவளுக்கு அது போதுமா?

ஒருநாள் வாத்தியார் ஒகோட் பலகையில் ‘கெட்’ என்று எழுதினார். கடிதம் வந்தாலும் கெட், கடையில் வாங்கினாலும் கெட், காய்ச்சல் கண்டாலும் கெட், வீடு போய்ச் சேர்ந்தாலும் கெட், சொன்னது புரிந்தாலும் கெட்.

“ஒத்த ஆளு இத்தனை வேலை பாக்குதா? அப்ப இது நம்ம ஊர்ப் பொம்பளைதான் வாத்தியாரே!” என்றாள் நபிந்து. வகுப்பே சிரித்தது.

நாலு மாதம் துணி விற்கும்போதும் அதையே முணுமுணுத்தாள். ஒரு சனிக்கிழமை தெருவில் நின்றபடியே போன் போட்டாள்.

“அக்கா, போனை அவகிட்ட குடு. நடுவுல நீ வேணாம்.”

“எதுக்குடி... சொன்னாக் கேளு.”

“குடுன்னா குடு!”

நபிந்து இங்கிலீஷில் பேசினாள். மகள் சிரித்தாள். பள்ளிக்கூடம், பூனை, பல்வலி என்று கொட்டினாள். பாதிக்கு மேல் புரிந்தது. நபிந்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு மகள் கேட்டாள்.

“ஒய் டிடின்ட் யூ கம் கெட் மீ?”

அந்த அர்த்தத்தை வாத்தியார் பலகையில் எழுதவில்லை. ஆனாலும் நேராக நெஞ்சில் இறங்கியது. ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை?

மனு, முத்திரை, ‘இல்லை’ என்று வந்த பதில்கள், ஏழு வருஷம் காத்துக்கிடந்த வாசல்கள். இதில் எதையும் சொல்ல அவளிடம் இங்கிலீஷ் இல்லை. “ஐ... ஐ...” என்றாள்.

போன் கைமாறியது. அக்கா அழுதுகொண்டிருந்தாள். “ஒவ்வொரு தடவையும் இதத்தான்டி கேப்பா. உனக்கு மனசு தாங்காதுன்னு நாந்தான் மாத்திச் சொன்னேன்.”

நபிந்து துணியோடு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, நான் தேடி வந்தேன்னு சொல்லு. ஒரு மாசந்தான் பிந்திட்டேன்னு அவகிட்டச் சொல்லுக்கா.”

“ஏழு வருசமாச் சொல்றேன்டி. அவ நம்ப மாட்டேங்குறா.”